புதிய அழகுக்கலை மாணவியரிடம் தொழில் மனப்பான்மை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டா ஊர்களில் அழகுக்கலைப் பயிற்சி அளிப்போருக்கும், தம் பார்லரில் புதிய பெண்களைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுப்போருக்கும் பயன்படும்படி இந்த வழிமுறையைத் தொகுத்திருக்கிறேன். த்ரெட்டிங் (நூலால் புருவம் திருத்துவது), ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றின் கைப்பழக்கம் சில மாதங்களில் வந்துவிடுகிறது. அதோடு சேர்ந்து வரவேண்டிய நேர ஒழுங்கு, சுத்தம், நாவடக்கம், பொறுப்பேற்பு ஆகியவை பல மாணவியரிடம் வராமல் நின்றுவிடுகின்றன. அப்போது நம்மில் பலர் உடனே சொல்லிவிடும் வார்த்தை, "இந்தப் பொண்ணுக்கு அக்கறையே இல்லை" என்பதுதான். அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வரவேண்டும்; முதலிலேயே வந்துவிட்டால் உண்மையான காரணத்தைத் தேடும் வேலை அங்கேயே நின்றுபோகும்.

எந்த அறிகுறியைக் கண்டாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள். இந்த வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாராவது செய்து காட்டியிருக்கிறோமா? காட்டியிருந்தால், அப்படிச் செய்வதற்கான வசதி, அதாவது பொருள், நேரம், பேருந்து, வீட்டாரின் அனுமதி ஆகியவை அவருக்கு இருக்கின்றனவா? அவையும் இருந்தால், அச்சமோ கூச்சமோ அவரைத் தடுக்கிறதா? நான் பார்த்தவரை பெரும்பாலான குறைகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டு காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) பிரிவில் வேலைவாய்ப்புத் திறன் தனிப் பாடமாகவே இருக்கிறது. தனியார் வகுப்புகளிலும் பார்லர்களிலும் அந்தப் பாடத்தை நாம்தான் அன்றாட வேலைக்குள் வைத்து நடத்த வேண்டியிருக்கிறது.

அறிகுறி: தாமதமாக வருகிறார், முகூர்த்த நாளில் வராமலே இருந்துவிடுகிறார்

இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறு பிழைகள். அன்றாடத் தாமதத்துக்கு முதலில் கேட்க வேண்டியது, எந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்தில் வருகிறார் என்பது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், முன்பு வீட்டை விட்டு வெளியே வர முடியாத பல பெண்கள் இன்று பயிற்சிக்கு வருகிறார்கள். ஆனால் உள்கிராமங்களுக்கு அந்தப் பேருந்துகள் அடிக்கடி வருவதில்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அப்படி இருக்கையில் வகுப்பைக் காலை 9.30-க்குத்தான் தொடங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, பெரும்பாலான பேருந்துகள் வந்து சேரும் நேரத்தையொட்டி 10 மணிக்கு வைத்துக்கொண்டு, அந்த 10 மணியில் உறுதியாக நிற்பது பலன் தரும். நடவுக் காலத்தில் தாய் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டால், சமையலும் தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பும் இந்தப் பெண்ணின் தலையில் விழும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாமதம் தவிர்க்க முடியாத நாளில், புறப்படும் முன்பே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதியைக் கண்டிப்பாக வையுங்கள். முன்கூட்டித் தெரிவிக்கப் பழகியவர் பிற்காலத்தில் வாடிக்கையாளரையும் காக்க வைக்க மாட்டார்.

முகூர்த்த நாளில் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. காலை 6 மணிக்கு மேல் 7.30-க்குள் முகூர்த்தம் என்றால், மணப்பெண்ணுக்கு 3 மணிக்கே அலங்காரத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு முதல் நாள் இரவே மண்டபத்தில் போய்த் தங்க வேண்டும், இல்லையென்றால் நள்ளிரவுக்கு மேல் காரில் கிளம்ப வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணை அந்த நேரத்தில் அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை நம்மிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "காய்ச்சல்" என்று சொல்லி நின்றுவிடுகிறார். இதைச் சரிசெய்ய வேண்டிய நேரம் சேர்க்கையன்றுதான். தாய் தந்தை இருவரையும் உட்கார வைத்து, யார் வந்து அழைத்துப் போவார், கூட எந்த அக்கா இருப்பார், எங்கே தூங்குவார்கள், எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்பதையெல்லாம் விளக்கமாகச் சொல்லுங்கள். முதல் மண்டபத்துக்கு அம்மாவும் கூட வரலாம் என்று அழையுங்கள். வந்து பார்த்த தாய் இரண்டாவது முறை தடுப்பது அரிது. ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும்போது, எந்தத் தேதிகளில் வர இயலும், எவற்றில் இயலாது என்று மாணவி தாமாகவே வந்து சொன்னால் பிழை நீங்கிவிட்டது என்று கொள்ளலாம். வீட்டில் எவ்வளவு சொல்லியும் இணங்காதவர்களை மாலை வரவேற்பு அலங்காரத்துக்கும் பகல் வேலைகளுக்கும் பழக்குங்கள். அதிலும் முழு வருமானம் உண்டு.

அறிகுறி: வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது, வாய் திறப்பதில்லை

முதலில் நாற்காலியைப் பாருங்கள். உயரம் பொருந்தாமல் குனிந்து நின்றாலோ, வாடிக்கையாளரின் தலை சாயாமல் அந்தரத்தில் இருந்தாலோ, எவ்வளவு பழகிய கையும் நடுங்கத்தான் செய்யும். நாற்காலி சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால், புருவத்தை விட்டுவிட்டுக் கை வாக்ஸிங் (மெழுகு தடவி ரோமம் நீக்குவது), தலைக்கு எண்ணெய் மசாஜ் போன்ற வேலைகளைச் சில வாரங்கள் கொடுங்கள். வாய் திறக்காமைக்கு மருந்து, தயாரான வாக்கியங்கள். "வாங்கக்கா, உட்காருங்க. கடைசியா எப்ப செஞ்சீங்க? முகத்துக்கு ஏதாவது மருந்தோ க்ரீமோ போடுறீங்களா? வலிச்சா சொல்லுங்க, உடனே நிறுத்திடுறேன்." இவற்றை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தாலே அச்சம் பாதி குறைந்துவிடும். வயது எப்படித் தெரிந்தாலும் "அக்கா" என்றே தொடங்கச் சொல்லுங்கள். வெளிப்படையாக முதியவராக இருந்தால் "அம்மா". "ஆன்ட்டி" என்று அழைக்கப்பட்டதற்காகவே அந்தக் கடைக்குத் திரும்ப வராத பெண்களை எனக்குத் தெரியும்.

அறிகுறி: சுத்தம் செய்யும் படிகளைத் தாண்டிப் போகிறார்

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பிழை வேறில்லை என்பதால் இதற்கு அதிக இடம் ஒதுக்குகிறேன். அறிகுறிகள் எளிதில் தெரியும். கத்தரிக்கோலை ஏப்ரனில் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுப்பார். வாக்ஸ் தடவிய குச்சியையே மறுபடியும் டப்பாவில் தோய்ப்பார். த்ரெட்டிங் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்வார். எச்சில் பட்ட அந்த நூல் வாடிக்கையாளரின் புருவத்தில் ஓடும்.

கண்டிக்கும் முன் எழுந்து போய்க் கடையைச் சுற்றிப் பாருங்கள். கை கழுவும் தொட்டி எங்கே இருக்கிறது? சோப்பு இருக்கிறதா? ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை ட்வீசர்கள் இருக்கின்றன? ஆறு பேருக்கு ஒரே ட்வீசரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் முறைப்படி சுத்தம் செய் என்று சொல்வது நடக்காத காரியம். அந்தப் பிழை நம்முடையது. கூடுதலாக வாங்கி வைப்பதே அதற்குத் தீர்வு.

பொருள்கள் இருந்தும் நடக்கவில்லை என்றால், அறிவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நீல விளக்கு எரியும் யுவி (புற ஊதாக் கதிர்) பெட்டிக்குள் வைத்துவிட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்ற நம்பிக்கை மாணவியரிடம் மிகப் பரவலாக இருக்கிறது. ஒளி படாத பக்கத்தை அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே சுத்தம் செய்தவற்றைச் சுத்தமாக வைத்திருக்க மட்டுமே அது உதவும். முதலில் சோப்புத் தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்து அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் போக்க வேண்டும், பிறகு நன்றாக உலர்த்த வேண்டும், அதன்பின்தான் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நனைத்து வைக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய ஆல்கஹால் வீண். ரத்தம் படக்கூடிய உலோகக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பெட்டியில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடங்கள் வைக்க வேண்டும். பிளேடு ஒருவருக்கு ஒன்று. பயன்படுத்திய உடனே கூர்பொருள் டப்பாவில் போட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஏழு நாள்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதைச் சொல்லிப் பாருங்கள். "இப்பத்தானேக்கா துடைச்சேன்" என்ற பதில் வருவது குறைந்துவிடும்.

சொல்லியும் மனத்தில் பதியவில்லை என்றால் கண்ணால் காட்டுங்கள். ஃபேஷியல் பயிற்சி தொடங்கும் முன் மாணவியின் உள்ளங்கையில் சிறிது குங்குமத்தைக் க்ரீமில் குழைத்துத் தடவிவிட்டு, வழக்கம்போல வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கழித்து விளக்கைப் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்த்தால் க்ரீம் டப்பாவின் விளிம்பு, டிராலியின் கைப்பிடி, துண்டின் நான்கு மூலை, குழாயின் திருகு, அவருடைய கைப்பேசி, காதோரத்தில் ஒதுக்கிவிட்ட முடி என்று சிவப்பு எங்கெங்கெல்லாம் போயிருக்கிறது என்பது தெரியும். யாரையும் திட்டத் தேவையில்லை. அடுத்த முறை வேலையைத் தொடங்கும் முன் க்ரீமைக் கரண்டியால் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கும் பழக்கம் தானே வந்துவிடும். நூல் விஷயத்தில், ஒரு முனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யும் முறையை முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுங்கள். பல்லில் கடிக்கும் பழக்கம் படிந்த பிறகு மாற்றுவது கடினம்.

டையைத் தோலில் சிறிது தடவி ஒவ்வாமை வருகிறதா என்று முன்கூட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டைத் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு. இன்னும் சில நாளில் மகளுக்குக் கல்யாணம், இன்றே தலைக்கு டை போட்டுவிடு என்று ஓர் அம்மா வந்து நிற்கும்போது, மறுத்துச் சொல்லும் தைரியம் இந்தப் பெண்ணுக்கு இருப்பதில்லை. ஹேர் டைகளில் உள்ள பிபிடி என்ற பாரா பினைலின் டையமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். முன்பு பலமுறை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் அது திடீரென வரலாம். அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்கிறோம். "இப்ப கொஞ்சம் தடவி விடுறேன்மா, ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணும் இல்லேன்னா போட்டுடலாம். கல்யாண வீட்ல முகம் வீங்கிடக் கூடாது பாருங்க" என்ற வாக்கியத்தை அவர் வாயில் போட்டுக்கொடுங்கள். கல்யாணத்துக்கு முன் 48 மணி நேரம் இல்லையென்றால் டை இல்லை. அப்போது வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால், அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளாமல், அவருடைய முடிவை ஆதரித்து நாம் முன்னால் போய் நிற்க வேண்டும். இதே எச்சரிக்கை கன்னங்கரேலென்று பிடிக்கும் மெஹந்தி கோன்களுக்கும் பொருந்தும். மருதாணியின் இயல்பான நிறம் செம்பழுப்பு; கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அதில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: வாடிக்கையாளரின் நிறத்தையும் உடலையும் பற்றிப் பேசுகிறார்

"என்னக்கா இவ்வளவு கறுத்துட்டீங்க?" "முடி பாதி கொட்டிப்போச்சே!" "ஒரு பிளீச் போட்டா வெள்ளையா ஆயிடலாம்." மாணவி இதை அக்கறையாக நினைத்துத்தான் சொல்கிறார், ஏனென்றால் அவர் சிறுவயதிலிருந்து வீட்டிலும் தெருவிலும் பெண் பார்க்க வந்தவர்களிடமும் கேட்டுப் பழகிய பேச்சு இதுதான். அந்தப் பேச்சில் அவரே காயப்பட்டிருப்பார். ஆகவே இது திமிரினால் வருவது என்று எண்ணாமல், பழகிய வார்த்தைகளுக்குப் பதிலாக வேறு வார்த்தைகளைக் கொடுக்க வேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடையின் சுவரில் "சிவப்பழகு பேக்கேஜ்" என்று எழுதி வைத்துக்கொண்டு அவரை மட்டும் திருத்த முடியாது. முதலில் அந்தப் பலகையைக் கழற்றுங்கள்.

பிறகு, தோலைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வறட்சி, எண்ணெய்ப் பசை, பரு, பருத் தழும்பு, வெயில் கருமை, மங்கு, கண்ணைச் சுற்றிக் கருவளையம் என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அட்டையில் குறிக்க வேண்டும். நல்லது, கெட்டது, அழகு, அசிங்கம் என்ற எந்தச் சொல்லும் அந்த அட்டையில் வரக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டால் மட்டும், அந்த அட்டையிலிருந்து, அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

இதோடு கொஞ்சம் அறிவியலும் சேர்ந்தால்தான் மனப்பான்மை ஊன்றி நிற்கும். நம் மாநிறத் தோலுக்கு ஓர் இயல்பு உண்டு: சூடு, தேய்ப்பு, ரசாயன எரிச்சல் எது பட்டாலும் அந்த இடம் ஆறியபின் இன்னும் கருமையாகும். வாக்ஸிங் செய்த அன்றே பிளீச், அதன் மேல் ஸ்க்ரப் என்று அடுக்கினால், வெளுக்க வந்தவர் திட்டுத் திட்டான கருமையோடு போவார். இதைப் புரிந்துகொண்ட மாணவி "வெள்ளையா ஆக்கிடலாம்" என்று இனி வாக்குக் கொடுக்க மாட்டார். அடுத்து, லேபிள் இல்லாத டப்பாக்களில் கைமாறும் வெள்ளை க்ரீம்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் சேர்ந்த க்ரீமைப் பல மாதம் பூசியவரின் முகத்தில் தோல் மெலிந்து, கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும். வெயில் பட்டாலே எரியும். பரு கிளம்பும், முகத்தில் ரோமமும் வளரும். இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அப்படிப்பட்ட முகத்துக்கு ஃபேஷியல் செய்யாமல், க்ரீமைத் திடீரென நிறுத்தவும் நாமே சொல்லாமல், தோல் மருத்துவரிடம் அனுப்ப மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்த வருமானத்தைத் திருப்பி அனுப்பும் அந்த ஒரு வேளைதான் அவருடைய தொழில் மனப்பான்மைக்கு உண்மையான தேர்வு.

மணப்பெண் ஃபவுண்டேஷனில் இரண்டு ஷேடு தூக்கிப் போடச் சொல்லும் உறவினர்களுக்கும் பதில் தயாராக இருக்கட்டும்: "கழுத்தோடயும் கையோடயும் சேர்ற மாதிரி போடுறேன்மா, இல்லேன்னா போட்டோல முகம் மட்டும் தனியாத் தெரியும்."

இந்த இடத்திலேயே ஊர்ப்பேச்சையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்கள் சிறியவை; அடுத்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஃபேஷியல் செய்துகொள்பவர் சம்பந்தி வீட்டு ஆளாக இருக்கலாம். தாடையில் ரோமம் வளர்வது, முடி கொட்டுவது, கரு தங்காமல் போனது என்று வாடிக்கையாளர்கள் சொந்த அக்காவிடம்கூடச் சொல்லாதவற்றை இந்த நாற்காலியில் சொல்கிறார்கள். "அந்தத் தெரு வாத்தியார் வீட்டுப் பொண்ணு இங்கதானே வருது, அதுக்கு என்னமோ தோல் வியாதியாமே?" என்று யாராவது விசாரிக்கும்போது, "எனக்குத் தெரியாதுக்கா, தலையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்று சொல்லி வேலையைத் தொடர்வதை நடித்துக் காட்டிப் பயிற்சி கொடுங்கள். இருவர் இருவராக, ஒருவர் தூண்டிக் கேட்க மற்றவர் நழுவ, நான்கைந்து முறை செய்தால் போதும்.

அறிகுறி: பெடிக்யூர் என்றால் பின்வாங்குகிறார், காலைத் தொட மறுக்கிறார்

இந்த அறிகுறியை மிகுந்த கவனத்தோடு அணுகுங்கள். அடுத்தவர் காலைத் தொடுவதும், அடுத்தவர் முடியைக் கையால் அள்ளுவதும் தாழ்ந்த வேலை என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சாதியோடு சேர்த்துச் சொல்லிவந்திருக்கிறார்கள். முடி திருத்தும் தொழிலைச் செய்த குடும்பங்கள் அதற்காகப் பட்ட அவமதிப்பு இன்னும் முழுதாக ஒழியவில்லை. மணப்பெண் அலங்காரம் கற்க வந்த பெண்ணின் வீட்டில், "மேக்கப் கத்துக்கோ, ஆனா யாரு காலையும் பிடிக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்தே வந்த மாணவியோ, எங்கே தன்னிடம் மட்டும் கால் வேலையைத் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பின்வாங்குவார். இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் காயம் வேறு. வகுப்பின் நடுவில் எல்லார் முன்னும் காரணம் கேட்காதீர்கள்.

சரிசெய்யும் வழி சொற்பொழிவில் இல்லை. தயங்கும் மாணவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பயிற்றுநராகிய நாம் குட்டை முக்காலியில் உட்கார்ந்து அவருடைய காலை நம் மடியில் வைத்துக்கொண்டு முழு பெடிக்யூரையும் செய்ய வேண்டும். தண்ணீரின் சூட்டை முதலில் நம் முழங்கையில் தொட்டுப் பார்க்கிறோம், பிறகே அவர் காலை வைக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்த்து, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்கிறோம்: இங்கே நகம் சதைக்குள் வளைகிறது, இங்கே செருப்பு வார் உராய்ந்து தடித்திருக்கிறது, இந்தக் குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருக்கிறது, ரத்தம் வருமளவுக்கு இல்லை. சுற்றி நிற்பவர்கள் குறிப்பெடுக்கட்டும். பயிற்றுநர் ஒரு மாணவியின் காலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து வேலை செய்வதை ஒருமுறை கண்ட மாணவி, அந்த முக்காலியை அதன்பின் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு, சுழற்சி அட்டவணை. வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும், பயிற்றுநர் உட்பட, முறை வைத்துக் கால் வேலை செய்ய வேண்டும். பெயர்கள் சுவரில் எழுதித் தொங்க வேண்டும். குறிப்பிட்ட ஒருவரிடமே அந்த வேலை போய்ச் சேரும் வழக்கம் எந்தக் கடையில் இருந்தாலும் அது அநீதி. அதை நிறுத்தாமல் தொழில் மனப்பான்மை பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கால் வேலையில் அறிவு எவ்வளவு இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். டெல்டாவில் நடவு நட்டும் களை பறித்தும் சேற்றிலேயே நின்ற பெண்களின் கால்களில் சேற்றுப்புண் வருவது சாதாரணம். விரலிடுக்கில் வெளுத்து ஊறிய தோலைக் கண்டால் அன்று ஊற வைத்துத் தேய்க்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, விரலிடுக்கை உலர்வாக வைத்திருக்க வழி சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தண்ணீர் கொதித்தாலும் அவர்கள் சொல்ல மாட்டார்கள், சிறு வெட்டும் ஆறாத புண்ணாகலாம். ஆகவே வருவோரிடமெல்லாம் "சர்க்கரை இருக்காம்மா?" என்று கேட்பதும், இருப்பவர்களுக்குத் தோல் சீவும் பிளேடை எடுக்காமலே இருப்பதும் கட்டாயம். தன் தாயின் காலிலேயே இவற்றில் ஒன்றைப் பார்த்திருக்கும் பெண்ணுக்கு இந்தப் பாடம் வேறு யாரையும்விட ஆழமாக இறங்கும். வீட்டுக்குப் போய் அம்மாவின் காலைப் பார்த்து அட்டை எழுதி வரச் சொல்லுங்கள்.

அறிகுறி: அனுமதி இல்லாமல் படம் எடுக்கிறார், ரீல்ஸ் போடுகிறார்

தன் வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. இந்தத் தொழிலில் ஆர்டர் வருவதே படங்களால்தான். ஆசையை அடக்காமல் வழியைக் கற்றுக்கொடுங்கள். படம் எடுக்கலாமா, முகம் தெரியலாமா, எந்தத் தேதிக்குப் பிறகு வெளியிடலாம் என்ற மூன்றையும் முன்பணம் வாங்கும்போதே கேட்டு, பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கட்டும். தாலி கட்டும் முன்பே மணப்பெண்ணின் படம் வெளியே போவதைப் பெரும்பாலான குடும்பங்கள் விரும்புவதில்லை. நாகூர், கூத்தாநல்லூர் பக்கம் நிக்காஹ் வேலைக்குப் போகும்போது படமே வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் பல உண்டு. தனியறை, பெண்கள் மட்டுமே என்பதை உறுதிசெய்துவிட்டு, கைப்பேசியைப் பையில் போட்டு மூடிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வாக்ஸிங் அறைக்குள் எவர் கைப்பேசியும் எக்காரணத்துக்காகவும் போகக் கூடாது. இதில் மட்டும் இரண்டாவது வாய்ப்பு வேண்டாம் என்பது என் கருத்து.

அறிகுறி: நடந்த தவறை மறைக்கிறார்

வாக்ஸ் சூடு பட்டுத் தோல் சிவந்துவிட்டது; புருவம் ஒரு பக்கம் மெலிந்துவிட்டது; மாணவி பவுடரைப் பூசி அனுப்பிவிடுகிறார். தவறுக்குப் பணம் பிடிக்கும் வழக்கமோ, எல்லார் முன்னிலையிலும் திட்டும் வழக்கமோ நம் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறைக்கும்படி நாம்தான் பழக்கியிருக்கிறோம். அதை நிறுத்திவிட்டு ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள்: என்ன நடந்தது, எந்தப் பொருள், உடனே என்ன செய்தோம், மறுநாள் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் விசாரித்தோமா. எழுதியவருக்குத் தண்டனை கிடையாது. எழுதாமல் பின்னால் தெரியவந்தால் மட்டுமே கண்டிப்பு. சூடு பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பற்பசை, மஞ்சள், இங்க் எதையும் தடவக் கூடாது என்பதைக் குழாய்க்கு மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வாக்ஸைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்க்காமல் எவர் மேலும் வைக்காத பழக்கம் வந்துவிட்டால், குறிப்பேட்டில் அந்த வகைப் பதிவு குறைந்துவிடும்.

அறிகுறி: மூன்றாம் மாதமே தனியாக ஆர்டர் எடுக்கிறார்

துரோகம் என்று எண்ண வேண்டாம். பயிற்சிக் கட்டணத்துக்கு மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கியிருப்பார்கள். தவணை மாதந்தோறும் வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, அறுவடைப் பணம் கைக்கு வரும்வரை வீட்டிலும் நெருக்கடி. அந்த நிலையில் பக்கத்துத் தெரு மணப்பெண் ஒருத்தி பாதி விலைக்குக் கேட்டால் ஒப்புக்கொள்ளத்தான் தோன்றும். அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஃபவுண்டேஷன், பிரைமர், செட்டிங் ஸ்பிரே ஆகியவற்றில் ஒரு முகத்துக்குச் செலவாகும் பங்கு, சவுரியும் ஜடைப் பில்லையும் ராக்கொடியும் வாடகைக்கு எடுத்தால் ஆகும் தொகை, பூஜடைக்குப் பூ, போகவர வண்டி, இரவு விழித்ததால் மறுநாள் இழந்த வேலை என்று எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதட்டும். வாங்க ஒப்புக்கொண்ட தொகை அதைவிடக் குறைவாக இருப்பதை அவரே கண்டுபிடிப்பார். அதன்பின், நம் மேற்பார்வையில், முழு விலைக்கு, அவர் பெயரிலேயே சிறு ஆர்டர்களை எடுக்க வழிசெய்யுங்கள். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்றவை இதற்கு ஏற்றவை. முடித்துப் போகும் நாளில் உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆகியவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் மாறாதவர்கள்

சிலர் இருக்கிறார்கள். கற்றுக்கொடுத்தாயிற்று, வசதி செய்தாயிற்று, அச்சமும் கூச்சமும் தெளிந்தாயிற்று. ஆனாலும் முன்பின் தெரியாத மனிதரின் உடம்பைத் தொட்டு வேலை செய்வது அவர்களுக்குப் பொருந்தவில்லை. அப்போது அதை வெளிப்படையாக, தனியாக, மரியாதையோடு சொல்லுங்கள், கட்டணத்தின் மீதிக்குத் தக்க வேறு வேலையைக் கற்றுக்கொடுங்கள். பட்டுப் புடவையை முன்னதாகவே மடிப்பு வைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்கிக் கொடுக்கும் ப்ரீ ப்ளீட்டிங் வேலைக்கு இன்று கல்யாண வீடுகளில் நல்ல கிராக்கி இருக்கிறது; பூஜடை கட்டுவதும் அப்படியே. இரண்டையும் வீட்டிலிருந்தே செய்யலாம், இரவில் மண்டபத்துக்குப் போக வேண்டியதில்லை. கடைக்கு வரும் மணப்பெண்களின் புடவைகளை முதல் ஆர்டராக அவரிடமே கொடுத்துத் தொடங்கி வையுங்கள்.